ஐஸுக்கு விட்ட இடம்

அமுதம் போனில் கேட்டது ஒரே ஒரு போட்டோதான். அதைக் கேட்க அவளுக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று, கூடத்துச் சுவர் மொட்டையாகக் கிடக்கிறது, அண்ணன் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் இடம் சும்மா இருக்கிறது என்று அவள் சுற்றி வளைத்துக்கொண்டே போனாள். கிளிஞ்சல்மேட்டில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி நிலா மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கே சுற்றினாலும் அம்மா எங்கே வந்து நிற்பாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. குறுக்கே பேசினால் நின்றுவிடுவாளோ என்று பயம்.

"ஒங்க கல்யாணப் போட்டோ பெருசா ஒண்ணு கண்ணாடி போட்டுக் கொண்டா. வர்ற ஞாயித்துக்கிழமை நாள் நல்லாயிருக்கு."

"அப்பா என்ன சொன்னாங்க?"

"வேண்டாம்னு சொல்லல."

நிலாவுக்கு அது போதும். அப்பா நடராசன் எதையும் வேண்டாம் என்று சொல்லாமல் விடுவதே அபூர்வம்.

சுரக்குடியில் ஆறு மா நிலமும் வீட்டுக் கொல்லையில் ஒரு காய்கறித் தோட்டமும் வைத்திருப்பவர் நடராசன். கல்லூரியில் கூடப் படித்த மீனவர் வீட்டுப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மகள் நின்றபோது அவர் கத்தவில்லை, கைநீட்டவில்லை. "கடக்கரைக் காத்து ஒனக்கு ஒத்துக்காதும்மா" என்று ஒரு தடவை சொன்னார். பிறகு கல்யாணத்துக்கு வந்தார், முன்வரிசையில் உட்கார்ந்தார், அட்சதை போட்டார். தலை தீபாவளிக்கு முறையாக அழைத்தார், வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் செய்தார். மருமகன் முத்துக்குமரனிடம் நேராக ஒரு வார்த்தை மட்டும் பேசவில்லை.

பகை என்றும் சொல்ல முடியாது. ஒரே கூடத்தில், ஒரே மின்விசிறிக்குக் கீழே, கைநீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் மருமகன் உட்கார்ந்திருப்பான். அவர் நிலாவைப் பார்த்து, "வெயில்ல வந்திருக்காரு, மோர் குடிப்பாரான்னு கேளு" என்பார். நிலா திரும்பி, "மோர் குடிக்கிறியான்னு கேக்குறாங்க" என்பாள். முத்துவும் லேசுப்பட்டவன் இல்லை. மாமனார் முகத்தைப் பார்க்காமலே, "உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்தா குடிப்பேன்னு சொல்லு" என்பான். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தே நிலாவுக்கு ஒவ்வொரு தடவையும் தலை வலித்துவிடும். திரும்பி வரும் வழியில் முத்து அதை நடித்துக் காட்டுவான். அவள் சிரிப்பாள். வீட்டுக்கு வந்த பிறகு சும்மா உட்கார்ந்திருப்பாள்.

இப்போது அந்தப் படம் கூடத்தில் தொங்கப்போகிறது என்றால், வருகிறவர்கள் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து யார் இது என்று கேட்பார்கள். அப்பா வாயைத் திறந்து மாப்பிள்ளை என்று சொல்லியாக வேண்டும். ஊராரிடம் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டால் ஒருநாள் அந்த வார்த்தை உரியவனிடமே வந்துவிடாதா? நிலாவின் கணக்கு இதுதான். கோட்டுச்சேரியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் அவள். கணக்கு சரியாக வரும் என்று நம்பினாள்.

ஒரே ஒரு சிக்கல் கண்ணாடி. காபி டம்ளர் கைதவறி விழுந்து உடைந்தால்கூட அன்றைக்கு ஆரம்பிக்க இருந்த வேலையைத் தள்ளிப்போடுகிறவர் அப்பா. கல்யாணப் படம் கீறலோடு வந்து இறங்கினால் அது பரண்மேல் ஏறிவிடும். அதற்குப் பிறகு அம்மா இன்னொரு தடவை கேட்கமாட்டாள்.

படம் வெள்ளிக்கிழமையே தயாராகிவிட்டது. ஒன்றரை அடிக்கு இரண்டடி, தேக்கு நிறச் சட்டம். ஸ்டுடியோக்காரர் செய்தித்தாளைச் சுற்றி, சணல் கட்டிக் கையில் கொடுத்துவிட்டார். முத்துவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வீடு வருவதற்குள் நிலாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. கடற்கரைக் காற்று செய்தித்தாளைப் பிய்த்துக்கொண்டு போனது. ஒவ்வொரு வேகத்தடையிலும் சட்டத்துக்குள் கண்ணாடி 'டக்' என்றது.

ஒரு போர்வையைச் சுற்றிவிட்டால் போயிற்று, மடியில் வைத்துக்கொள் என்று முத்து சொன்னான். பஸ்ஸில் போகலாமா என்று அவள் யோசித்தாள். சனிக்கிழமையாக இருந்தால் திருநள்ளாற்றுக் கூட்டத்தில் கால் வைக்க முடியாது, ஞாயிறு கொஞ்சம் தேவலை. ஆனாலும் மேல்கம்பியைப் பிடிக்கிறவன் முழங்கை எங்கே படும் என்று யார் கண்டார்கள். மறுநாள் காலையில் கூரியர் அலுவலகத்தில் பெட்டி கிடைக்குமா என்று விசாரித்தாள். புத்தக அளவிலும் மிக்ஸி அளவிலும்தான் அவர்களிடம் இருந்தன.

"நாமளே செஞ்சிரலாம்" என்றாள்.

"எதை?"

"பொட்டிய. அளவெடுத்து, போட்டோவுக்குன்னே."

முத்து அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, பைக் சாவியை எடுத்தான். அவனுக்கும் கை சும்மா இல்லாமல் துறுதுறுத்துக்கொண்டிருந்தது. மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் அரசலாற்றுக் கரையில் கட்டிக் கிடந்தன. துறைமுகத்தில் கேரளாவுக்குப் போகும் மீனைத் தெர்மாகோல் பெட்டிகளில் அடுக்கி அனுப்புவது அவன் வேலை. பள்ளிக்கூட லீவிலேயே தொடங்கியது, பி.காம். முடித்த பிறகும் அதே தொழிலில் மேற்பார்வையாளனாகிவிட்டான். மீனே வராத மாதங்களில் வீட்டில் குழாய் வாஷரை மாற்றுவதும் கதவுக்கு எண்ணெய் போடுவதுமாகச் சுற்றிக்கொண்டிருப்பான்.

கடைத்தெருவில் ஃப்ரிட்ஜும் வாஷிங்மெஷினும் விற்கும் கமாலுதீன் பாய், வெற்று அட்டைப் பெட்டி ஒன்று வேண்டும் என்றதும் எதற்கு என்றுகூடக் கேட்காமல் இரண்டு கதவு ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். அதைத் தட்டையாக மடித்து நிலா கையில் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். கடலோரச் சாலையில் திரும்பியதும் காற்று அட்டையைப் பிடித்துக்கொண்டது. பைக் ஒரு பக்கமாகவே போனது. பாய்மரம் விரித்தாயிற்று, பெட்ரோல் மிச்சம் என்றான் முத்து.

சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடு. கூடத்தில் அட்டையை விரித்ததும் கால் வைக்க இடமில்லை. மார்க்கெட்டில் நாட்டுப்படகு மீன் விற்றுவிட்டுத் திரும்பிய மாமியார் பூங்கொடி, கூடையோடு வாசலிலேயே நின்று, உள்ளே வரலாமா இல்லை டிக்கெட் எடுக்கணுமா என்று கேட்டாள்.

நிலா நினைத்து வைத்திருந்தது எளிமையான பெட்டி. தாம்பாளம் மாதிரி ஓர் அடித்தட்டு, அதன்மேல் கவிழ்க்க இன்னொரு தட்டு. நடுவில் படத்தின் அளவுக்குக் கட்டம் போட வேண்டும். நாலு பக்கமும் சுவருக்கு அட்டை விட்டு, மூலைகளை வெட்டி, கோட்டில் மடித்து நிமிர்த்தி, பிரவுன் டேப் ஒட்டினால் முடிந்தது. மூடி மட்டும் ஒரு நூல் அளவு பெரிதாக இருக்க வேண்டும், அப்போதுதான் இறங்கும். ஒரு துண்டு அட்டையில் செய்து காட்டினாள். ஸ்கேலை வைத்துக் கரண்டிக் காம்பால் அழுத்திக் கோடு இழுத்தால், அட்டை கிழியாமல் அந்தக் கோட்டிலேயே சொன்னபடி மடிந்தது. முத்து அதை வாங்கி நாலைந்து தடவை மடித்து விரித்தான். அவன் முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்த்து, புது விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளை என்று பூங்கொடி சொன்னாள்.

படத்தை அளந்து, எண்களை அட்டையின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதிக் கொடுத்தாள் நிலா. அந்த நேரம் பார்த்து அம்மாவிடமிருந்து போன். ஞாயிற்றுக்கிழமை என்ன சமைக்கட்டும், முத்து தம்பி கத்தரிக்காய் சாப்பிடுவாரா, ஒத்துக்கொள்ளுமா என்று ஆரம்பித்தாள். நிலா மாடிக்குப் போனாள். கத்தரிக்காயிலிருந்து அண்ணி, அண்ணியிலிருந்து பக்கத்து வீட்டு வளைகாப்பு என்று பேச்சு வளர்ந்து அவள் இறங்கி வந்தபோது கீழே வேலை முடிந்திருந்தது.

இரண்டு தட்டுகளும் கடையில் வாங்கியது மாதிரி நின்றன. மூலைகள் கத்தி போல் இருந்தன. டேப்பில் ஒரு சுருக்கம் இல்லை. முத்து கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்கிறான் என்று தெரிந்து, அவள் வேண்டுமென்றே நிதானமாகச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றாள். உண்மையாகவே வந்திருந்தது.

பிறகு படத்தை எடுத்து உள்ளே வைத்தாள். படம் உள்ளே போனது. போய், ஒரு ஓரத்துக்கு வழுக்கிக்கொண்டு ஓடியது. பெட்டியைச் சற்றுச் சாய்த்தாள். அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரத்துக்கு வந்து முட்டியது. பக்கவாட்டில் மட்டுமல்ல, மேலேயும் இடம் கிடந்தது. இன்னும் நாலு படம் அடுக்கலாம்.

முத்து குனிந்து பார்த்தான். படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் கையை விட்டான். நாலு விரல் சரியாக உள்ளே போனது. எதிர்ப்பக்கம் விட்டான். அங்கேயும் நாலு விரல்.

"என்ன முத்து இது? நான் அளவு எழுதித்தானே குடுத்தேன்?"

"நீ எழுதினதுதான்" என்றான். அவன் குரல் இறங்கிவிட்டது. "அது மேல... ஐஸுக்கு இடம் விட்டுட்டேன்."

அடியில் ஐஸ், மேலே ஐஸ், நாலு பக்கமும் ஐஸ். பதினைந்து வருஷமாக அந்தக் கை பெட்டி என்றால் நாலு விரல் கூட்டித்தான் பார்த்திருக்கிறது. அவனைக் கேட்காமலே இப்போதும் கூட்டிவிட்டது.

நிலா சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தாள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த பூங்கொடி முந்திக்கொண்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. "நல்லா பாரு தாயி. பொண்ணு மாப்ள சுரக்குடி போய்ச் சேர்றதுக்குள்ள கெட்டுப்போயிருவாங்கன்னு நெனச்சிட்டான்."

"நீ சும்மா இரும்மா" என்றான் முத்து. காது சிவந்திருந்தது.

வெட்டிச் சிறிதாக்கிவிடலாமா என்று நிலா பார்த்தாள். ஒருதரம் மடித்த இடத்தை நிமிர்த்தி வேறிடத்தில் மடித்தால் அட்டை நொய்ந்துபோகும். மீதமிருந்த துண்டுகளில் இன்னொரு பெட்டிக்கு இடமில்லை. அதோடு, அந்த மூலைகளில் கத்தி வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. இடத்தை அடைத்துவிடலாம் என்று முடிவு செய்தாள்.

செய்தித்தாளைக் கசக்கித் திணித்தார்கள். பெட்டியை ஆட்டினால் தாள் அமுங்கிப் படம் மறுபடி நடமாட ஆரம்பித்தது. தலையணை வைத்தால் மூடி இறங்கவில்லை. பழைய புடவை என்றாள் நிலா. கல்யாணப் படத்தைச் சுற்றிப் பழந்துணியா என்று பூங்கொடி ஒரே பேச்சில் மறுத்துவிட்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது அவள் தோளில் ஒரு வலைச்சுருள் கிடந்தது. மாமனார் நீலமேகம் கழித்துப் போட்ட நைலான் வலை. சின்னக் கண்ணி. சோப்பு நுரையில் ஊறவைத்து, குழாயடியில் இரண்டு தடவை அலசி, மாடியில் காயப்போட்டார்கள். மே மாத வெயிலில் பொழுது சாய்வதற்குள் சுக்காகக் காய்ந்துவிட்டது.

நிலா ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் அடித்தது. திருப்தியாகத் தலையாட்டினாள்.

வலையை வடம் மாதிரி முறுக்கி அடியில் சுற்றி வைத்து, மேலே படத்தைக் கிடத்தி, நாலு ஓரமும் திணித்து, மேலும் ஒரு அடுக்கு பரப்பி மூடியை இறக்கினான் முத்து. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்டியைக் குலுக்கினார்கள். ஒரு சத்தமும் இல்லை. தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினார்கள். உள்ளே படம் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது.

"பாத்தியா" என்றான் முத்து. இழந்த மரியாதையில் பாதி திரும்பி வந்துவிட்ட குரல். "எடம் விட்டதாலதான் அடைக்க முடிஞ்சுது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினார்கள். அவன் முதுகுக்கும் அவள் மார்புக்கும் நடுவில் பெட்டி உட்கார்ந்துகொண்டது. மேல்விளிம்புக்கு மேலே அவள் கண்ணும் நெற்றியும் மட்டும் தெரிந்தன. கல்யாணமானதிலிருந்து நமக்கு நடுவில் ஒருத்தர் வந்து உட்கார்வது இதுதான் முதல் தடவை என்று அவன் காதுக்குக் கேட்கும்படி சொன்னாள். அதுவும் நாமேதான் என்று அவன் திரும்பாமலே சொன்னான். திருநள்ளாற்றுச் சாலையில் வேகத்தடை வரும்போதெல்லாம் வண்டி நடந்து போனது. பின்னால் வந்த ஒரு வேன்காரன் ஹார்ன் அடித்தே ஓய்ந்துபோனான். தண்ணீர் இல்லாத வாய்க்கால், உளுந்து எடுத்த தரிசு, எங்கோ ஒரு போர்வெல்லில் தண்ணீர் கொட்டும் சத்தம். ஊர் நெருங்க நெருங்க நிலா பேசுவதை நிறுத்திவிட்டாள்.

நடராசன் வாசலில் நின்றிருந்தார். மகளைப் பார்த்து, "வாம்மா" என்றார். மருமகனைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு வழக்கம்போல மகளிடம், "வண்டிய நெழல்ல விடச் சொல்லு" என்றார். முத்து வண்டியை நிழலில் விட்டுவிட்டு வந்தான்.

கூடத்தில் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. அண்ணனும் அண்ணியும் சுவரில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் வெறும் வெள்ளை. நடராசன் பெட்டியைத் தானே வாங்கிப் பெஞ்சின்மேல் வைத்து, பிளேடால் டேப்பைக் கீறினார். மூடியைத் தூக்கினார்.

அவர் கை ஒரு நொடி நின்றது. பக்கத்தில் நின்ற அமுதத்தின் முந்தானை தன்னாலே மூக்கருகே போய், மகளின் கண்ணில் பட்டதும் இறங்கியது.

நிலாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் அந்தப் புதுச் சுண்ணாம்புக் கூடத்தில் நின்று அவளும் மூச்சை இழுத்துப் பார்த்தாள். உப்பும் பாசியும் மீனுமாக ஒரு வாடை பெட்டியிலிருந்து எழுந்து கூடம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. நேற்று இதைத்தான் முகர்ந்து பார்த்து சோப்பு வாசனை என்று தலையாட்டினாள். கல்யாணமான புதிதில் இந்த வாடையில் ஒரு வாய் சோறு இறங்காமல் மோரைக் குடித்தே பொழுதைத் தள்ளியவள் அவள். எப்போது இது அவள் மூக்கைவிட்டுப் போனது என்று அவளுக்கே தெரியவில்லை. முத்துவைப் பார்த்தாள். அவனுக்கும் இப்போதுதான் விளங்கியிருந்தது. நல்லா அலசிக் காயவைத்ததுதான் அத்தை என்று அமுதத்திடம் மெதுவாகச் சொன்னான். அமுதம் அவசரமாக, அதனாலென்ன தம்பி என்றாள்.

நடராசன் மேல் அடுக்கு வலையை எடுத்து ஓரமாக வைத்தார். படத்தைத் தூக்கினார். உட்காரவில்லை, படத்து முகங்களைப் பார்க்கவில்லை, முதலில் கண்ணாடியின் நாலு மூலையையும் விரலால் தடவிப் பார்த்தார். நடுவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அப்புறம்தான் ஒரு மூச்சு விட்டு, கையைத் தூரமாக நீட்டிப் படத்தைப் பார்த்தார். அப்பாவும் இதே பயத்தில்தான் இருந்திருக்கிறார் என்பது நிலாவுக்கு அப்போது தெரிந்தது.

படத்தை நாற்காலியில் சாய்த்து வைத்தார். அடுத்து என்ன சொல்வார் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவர் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து வலையைக் கையில் எடுத்தார். ஒரு முழம் விரித்து இழுத்துப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கண்ணியில் விரலை விட்டார். முகம் மாறியது. வயலுக்குப் போகிற முகம் அது.

"இது எத்தனை விரல் கண்ணின்னு கேளு" என்றார் மகளிடம்.

நிலா வாயைத் திறந்தாள். அவளுக்குப் பக்கத்திலேயே முத்து, பதிலை அவளிடம் கொடுக்கத் தயாராக நின்றான். கேள்வி அவன் காதில் விழுந்தாயிற்று. பதில் அப்பா காதில் விழப்போகிறது. நடுவில் நான் எதற்கு என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் பேசாமல் போய்விட்டால் அப்பா வலையை வைத்துவிட்டு எழுந்து போய்விடலாம். படமும் அதோடு நாற்காலியிலேயே கிடக்கலாம்.

"இருங்கப்பா, அம்மா கூப்புடுறாங்க" என்றாள்.

அமுதம் அவள் தோளை ஒட்டித்தான் நின்றிருந்தாள். கூப்பிடவே இல்லாத அவள், மகள் முகத்தை ஒருமுறை பார்த்தாள். "ஆமா, வா. அப்பளம் பொரிக்கணும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

அடுப்படியில் அம்மா எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள். நிலா கதவோரம் நின்றாள். கூடத்தில் மின்விசிறி மட்டும் ஓடியது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். மறுபடி விசிறி. நாற்காலி நகர்ந்தது. அப்பா எழுந்துவிட்டார் என்று நிலா நினைத்தாள். அம்மாவின் கை அப்பளத்தைப் பிடித்தபடி எண்ணெய்க்கு மேலே அப்படியே நின்றது.

"இது... எத்தனை விரல் கண்ணி?"

கேள்வி காற்றில் நின்றது. யாருக்கு என்று பெயரில்லை. ஆனால் கூடத்தில் வேறு ஆள் இல்லை.

"ரெண்டு விரல் மாமா."

"மயிலு கால் மாட்டிக்குமா?"

"மாட்டாது. பெரிய கண்ணின்னாதான் மாட்டும். எங்க மாமா மயிலு?"

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. கீரை விதைத்தால் மயில், வெண்டை முளைத்தால் மயில், போன வருஷம் நாற்றங்காலில் பாதியைக் கிளறித் தின்ற மயில், விரட்டினால் கூரைமேல் உட்கார்ந்து ஊரைக் கூட்டும் மயில் என்று நடராசன் சொல்லிக்கொண்டே போனார். இடையிடையே முத்துவின் கேள்விகள். தோட்டம் எவ்வளவு அகலம், கம்பு நட்டிருக்கிறதா, மேலேயும் மூட வேண்டுமா, பக்கம் மட்டும் போதுமா. இப்படி ஒரு தடுப்புக்காக அவர் டவுனில் பச்சை வலை விலை கேட்டுவிட்டு வந்து சும்மா இருந்த கதை வந்தது. வெயிலில் எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்டார்.

"ரெண்டு கோடை தாங்கும். அப்புறம் பொடிஞ்சு போயிரும். அதுக்குள்ள வேற கொண்டாந்து போட்டுர்றேன் மாமா. எங்க அப்பா வருஷா வருஷம் கழிக்கிறதுதான்."

"வாடை அடிக்குதே, மழையில போயிருமா?"

அடுப்படியில் நிலா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரெண்டு மழையில போயிரும்" என்றான் முத்து.

"போவலன்னாலும் பரவால்ல. அந்த வாடைக்கே மயிலு கிட்ட வராது." கொஞ்ச நேரம் கழித்து, எத்தனையோ வருஷமாகச் சொல்லிப் பழகியது மாதிரி, "வாங்க மாப்ள, கொல்லைக்கு. எடத்தக் காட்டுறேன்" என்றார்.

அம்மாவின் கையிலிருந்த அப்பளம் எண்ணெயில் விழுந்து, யாரும் திருப்பாமல் கருகியது. அமுதம் அதை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, மகளைப் பார்க்காமல், "புகை கண்ணுல அடிக்குது" என்றாள். புகை அப்படியொன்றும் இல்லை.

கொல்லையிலிருந்து அவர்கள் வர நேரமாயிற்று. நாற்காலியில் மணக்கோலத்தில் இருந்த முத்துவையும் தன்னையும் நிலா போய்ப் பார்த்தாள். படத்தை மறந்துவிட்டுப் போய்விட்டார்களே என்று லேசாகக் குறைப்பட்டுக்கொண்டாள். ஆனாலும் ஜன்னல் வழியே, அப்பா கையால் வேலி உயரம் காட்டுவதும் முத்து குனிந்து காலடியால் தரையை அளப்பதும் தெரிந்தன. அவன் அளவில் நாலு விரல் கூட்டாமல் இருக்க வேண்டுமே என்று கவலைப்பட்டாள். பிறகு, கூட்டினால்தான் என்ன என்று விட்டுவிட்டாள்.

கை கால் கழுவிக்கொண்டு வந்ததும் நடராசனுக்கே படம் ஞாபகம் வந்தது. சுத்தியலும் ஆணியும் எடுத்து வந்தார். முத்து ஸ்டூலில் ஏறினான். அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் மேலே, இல்லை, அண்ணன் படத்துக்குச் சமமாக, இப்போது சரி என்று நேராக அவனிடமே சொன்னார். இடையில் அமுதம் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, நீ இரு, மாப்பிள்ளைக்குத் தெரியும் என்றார்.

சாப்பாட்டில் கத்தரிக்காய் வதக்கல், வற்றல் குழம்பு, அப்பளம். அடுத்த ஞாயிறே இரண்டு சுருள் வலையோடு வர வேண்டும், கம்பு அவர் வெட்டி வைப்பார், காலை வெயிலுக்கு முன்னால் கட்டிவிடலாம் என்று இலையில் கை வைத்தபடியே நடராசன் திட்டம் போட்டார். முத்து ஒரு கவளத்தை விழுங்கிவிட்டு, பழக்கதோஷத்தில் நிலாவின் பக்கம் திரும்பினான். "காலையிலன்னா அப்பாவையும் கூட்டிட்டு வரலாமான்னு மாமாகிட்ட கேளு. கயிறு முடிச்செல்லாம் அவருக்குத்தான் கை வரும்."

நிலா குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தாள். "நான் சாப்புட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள்.

நடராசன் நிமிர்ந்து மருமகனைப் பார்த்தார். "கேக்கணுமா அதை? சம்பந்தியத் தாராளமா கூட்டிட்டு வாங்க. நானே போன் போட்டுச் சொல்றேன், நம்பர் குடுங்க."

முத்து இடதுகையால் போனைத் துழாவினான். பேச்சு கயிற்றிலிருந்து படகுக்கும், படகிலிருந்து டீசலுக்கும் போனது. நிலாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்த இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் சோறு ஆறுவதற்கு முன்னால் சாப்பிட்டது அன்றைக்குத்தான். ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லி அம்மாவிடம் இலையைக் காட்டினாள்.